நாய்க்குட்டியைக் காட்சி வளையத்துக்குப் பழக்குதல்

நெல் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் காவலாக நாய் வளர்க்கும் வழக்கம் கமக்காரரிடையே தொன்றுதொட்டு இருந்து வருகின்றது. இரவில் காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் விரட்டுவதற்கும், பகலில் குரங்கு தோட்டத்தில் இறங்காது தடுப்பதற்கும், சூடடிக்கும் காலத்தில் களத்து நெல்லைக் காப்பதற்கும் அதனை ஒத்த துணை வேறில்லை. ஆயினும், அந்நாயின் வாயைத் திறந்து பற்களைப் பார்க்க எத்தனை கமக்காரரால் இயலும்? அதன் பாதத்தைத் தூக்கி, அதில் ஏறிய முள்ளைப் பிடுங்க எத்தனை பேரால் இயலும்?

மிருக வைத்தியர் ஊசி மருந்துடன் கிராமத்துக்கு வரும் நாளில் இவ்வுண்மை வெளிப்படும். எசமான் சங்கிலியைப் பிடித்து இழுக்க, நாய் வேலியோடு ஒட்டிக்கொண்டு பல்லைக் காட்ட, ஈற்றில் ஊசி இல்லாமலே அது வீடு திரும்பும். குற்றம் நாயினுடையதன்று. மனிதர் கை அதன் உடம்பிற் பட்டது இரண்டே சந்தர்ப்பங்களில்: சங்கிலி பூட்டுவதற்கும், அடிப்பதற்கும்.

கொழும்பிலே கண்காட்சிக்கென்று வளர்க்கப்படும் குட்டியோ ஐந்தாறு மாதப் பிராயத்திலேயே, முன்பின் அறியாத ஒருவர் அதன் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கவும், விலாவைத் தடவவும், காலைத் தூக்கவும் அசையாது நின்று கொடுக்கும். உயர்ந்த இனத்திற் பிறந்ததனால் வந்த குணம் இது எனப் பலர் எண்ணுவர். இனத்துக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் சொற்பமே. எட்டாம் வாரம் தொட்டு நாள்தோறும் சில நிமிடம் செய்த அப்பியாசமே காரணமாகும். அந்த அப்பியாச முறை இங்கு விளக்கப்படுகின்றது. கண்காட்சிக்குச் செல்ல விரும்புவோர் முழுவதையும் பின்பற்றலாம். காவலுக்கு மாத்திரம் நாய் வளர்ப்போர் நிற்கப் பழக்கும் பகுதியையும் தொடப் பழக்கும் பகுதியையும் தவறாது கைக்கொள்ளல் வேண்டும்.

காட்சி வளையம் என்பது

ஒழுங்கான முதல் நாய்க் கண்காட்சி 1859 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடைபெற்றதாகக் கொள்வர். வேட்டை நாய்கள் மாத்திரமே அதிற் பங்குபற்றின. பரிசாக அளிக்கப்பட்டவை துப்பாக்கிகள். 1873 இல் லண்டனிற் கெனல் கிளப் நிறுவப்பட்டது. 1911 இல் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் சங்கங்கள் ஒன்றுகூடிச் சர்வதேசச் சம்மேளனம் ஒன்றை அமைத்தன. இலங்கையில் இத்தகைய கண்காட்சிகளை ஸ்ரீலங்கா கெனல் அசோசியேசன் நடத்தி வருகின்றது. இந்தியாவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கெனல் கிளப் ஒவ் இந்தியா வம்சப் பதிவுகளைப் பேணுகின்றது. உதகமண்டலத்தில் கோடை காலத்தில் நடைபெறும் நாய்க் கண்காட்சி தமிழ்நாட்டில் நன்கு பிரசித்தமானது.

வளையம் என்று பெயர் பெற்றிருப்பினும் அது பெரும்பாலும் கயிறு கட்டிய ஒரு சதுர வெளியே. நடுவர் அதன் நடுவில் நிற்பார். வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப வகுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு வகுப்பு நாய்கள் யாவும் முதலில் வரிசையாக இடஞ்சுழியாகச் சுற்றி ஓடும். நாய் நடத்துவோரின் இடப்பக்கத்தில் வருமாதலால், நடுவருக்கும் நாய்க்கும் இடையில் எதுவும் மறைக்காது. அடுத்து ஒவ்வொன்றாக முன்வந்து நின்று கொடுக்க, நடுவர் பற்களின் சேர்க்கை, கண், காது, தோள், முதுகு, விலா, வால் என்பவற்றைக் கையாலும் கண்ணாலும் ஆராய்வார். ஆண் நாயாயின் விதைகள் இரண்டும் இறங்கியுள்ளனவா என்றும் தொட்டுப் பார்ப்பார். சிறிய இனங்களை மேசைமீது நிறுத்துவர். பின்னர் நாயை நேரே போய்த் திரும்பி வரவோ, முக்கோணமாகச் சென்று வரவோ சொல்லி நடையைக் கவனிப்பார்.

ஒரு நாயை மற்றொரு நாயோடு ஒப்பிட்டு எது அழகு என்று தீர்ப்பது இதன் நோக்கமன்று. ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைத்த இலக்கணம் ஒன்று உண்டு. அவ்விலக்கணத்துக்கு எது கிட்டியது என்பதே கேள்வி. ஆதலால், எவ்வளவு நல்ல அங்க அமைப்புள்ள நாயாயினும், நடுவரின் கை பட்டதும் உடலைக் குறுக்கி வாலை ஒடுக்குமாயின், அதன் முதுகும் தோளும் உள்ளபடி தோன்றா. கடிக்கப் பாயுமாயின் வளையத்தினின்று வெளியேற்றப்படும்.

இன வகுப்புகளில், சங்கத்திற் பதிவு பெற்ற வம்சப் பத்திரம் உள்ள நாய்களே சேர்க்கப்படும். அல்சேஷன், டோபர்மன், லாப்ரடோர் முதலிய மேனாட்டு இனங்களையே அநேகர் நாடுகின்றனர். தமிழ் நிலத்துக்கே உரிய இனங்கள் சில உண்டு என்பதையும் அறிதல் நன்று. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பன தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டு வந்தவை. 2005 ஆம் ஆண்டு ஜனவரி 9 ஆம் திகதி இந்திய அஞ்சற்றுறை நான்கு நாயினங்களுக்கு முத்திரை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக இராஜபாளையம் இடம்பெற்றது. தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இவ்வினத்திற் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. உட்செவியில் இருத்தல் வேண்டிய நிறக் கலங்கள் இல்லாமையே இதற்குக் காரணம். எனவே வெள்ளைக் குட்டி வாங்குவோர், அது வேறு பக்கம் பார்த்து நிற்கையிற் பின்னாலிருந்து கைதட்டிச் சோதித்த பின்பே வாங்குதல் வேண்டும். காற்று முதுகிற் படாத தூரத்தில் நின்று தட்டுக. காற்றசைவை உணர்ந்து செவிட்டுக் குட்டியும் திரும்புவதுண்டு.

பதினான்கு வாரம்

குட்டியின் பிற்காலச் சுபாவம் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களிற் தீர்மானிக்கப்படுகின்றது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜக்சன் ஆய்வுகூடத்தில் இதுபற்றி விரிவான பரிசோதனைகள் நடந்தன. 1961 இல் வெளியான ஒரு பரிசோதனை கமக்காரருக்கு மிகவும் பயன்படக்கூடியது. உயரமான வேலியிட்ட வெளியில், மனிதரைக் காணாதவாறு குட்டிகளைத் தாயுடன் வளர்த்தனர். வெவ்வேறு வாரங்களிற் சில குட்டிகளை எடுத்து, ஒரு வாரம் மாத்திரம் மனிதரோடு பழகவிட்டு மீண்டும் வெளியில் விட்டனர். ஐந்து தொடக்கம் ஒன்பது வாரப் பிராயத்தில் அந்த ஒரு வாரப் பழக்கத்தைப் பெற்ற குட்டிகள் பின்னர் மனிதரிடம் இலகுவாக வந்தன. கயிற்றிற் கட்டி நடத்தவும் இசைந்தன. பதினான்கு வாரம் வரை மனிதர் கை படாத குட்டிகளோ காட்டு விலங்குகள் போலவே ஒதுங்கி நின்றன.

வயலோரக் கொட்டிலில் ஈன்ற குட்டிகளை, கண் திறந்து ஓடித் திரியும்வரை எவரும் தொடாது விட்டு, நான்காம் மாதத்திற் பிடித்துக் கட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்நாய் பிற்காலத்தில் எசமானையும் பூரணமாக நம்பாமைக்குக் காரணம் இதுவே. மூன்றாம் வாரம் முதல் குட்டியை நாளுக்கு இரு முறை கையில் எடுத்தாற் போதும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஜிந்துப்பிட்டிக் குட்டியும் வயற்கரைக் குட்டியும்

கொழும்பு 13 இல், செட்டியார் தெருவுக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடைப்பட்ட ஜிந்துப்பிட்டியை அறிந்தோர் அங்கு நாய் வளர்ப்பதன் நெருக்கடியையும் அறிவர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசற்படி இறங்கினால் ஒழுங்கை. ஒழுங்கை நிறைய முச்சக்கர வண்டிகள், கைவண்டிகள், பாடசாலைப் பிள்ளைகள். சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் மணியோசை ஒருபுறம். ஆடிவேல் விழாக் காலத்திற் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் தேரோடு மேளமும் சனத்திரளும். ஜூன் மாதத்திற் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா. நாய் ஓடுவதற்கு ஒரு முழப் புல் நிலமும் அருகில் இல்லை.

இவ்விடத்தில் வளரும் குட்டி கண்காட்சிக்கு உதவாது என்று சொல்வாருண்டு. அது தவறு. ஓசை, கூட்டம், அந்நியர், வாகனம் ஆகிய நான்கையும் அது பத்தாம் வாரத்துக்கு முன்னரே கண்டு பழகிவிடுகின்றது. காட்சி வளையத்தைச் சூழ்ந்திருப்பவையும் இவை நான்குமே. அதற்குக் குறைவாயிருப்பது நிலம். சீமெந்துத் தரையில் மாத்திரம் நடந்த குட்டி புல்லை மிதிக்கக் கூசும். ஒவ்வோர் அடிக்கும் பாதத்தைத் தூக்கி உதறும். ஆகையால் கிழமைக்கு இரண்டு முறையாவது விடியற்காலையிற் காலிமுகத்திடல் போன்ற திறந்த வெளிக்கு அதனைக் கொண்டு செல்லல் வேண்டும்.

வயற்கரைக் குட்டியின் நிலை இதற்கு நேர்மாறானது. புல், சேறு, வரப்பு, வாய்க்கால் எல்லாம் அதற்குச் சொந்தம். தசையும் பாதமும் உரமேறி, நடை நகரத்துக் குட்டியினதைக் காட்டிலும் அழகாயிருக்கும். ஆயின் வழுக்கும் ஓடு பதித்த தரை, படிக்கட்டு, குடை, தலைக்கவசம் அணிந்தவர், ஒலிபெருக்கி என்பவற்றை அது கண்டிராது. யானைவெடியின் ஓசையை மாத்திரம் கேட்டு அஞ்சி, பின்னர் எந்த ஓசைக்கும் நடுங்கும் நாய்கள் பல. வயலில் வெடி போடும் காலத்திற் குட்டியை வீட்டினுள் வைத்தல் நன்று. அதற்கு முன்னரே, குட்டி உணவு உண்ணும்போது தூரத்தில் நின்று தகர மூடியை மெல்லத் தட்டி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கிட்ட வருதல் வேண்டும். உண்பதை நிறுத்திவிட்டுக் குட்டி தலையைத் தூக்குமாயின் அன்றைக்கு அந்தத் தூரம் போதும்.

நகரத்துக் குட்டியின் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தடுப்பூசிகள் பூர்த்தியாகுமுன் தெருநாய்களின் மலம் கிடக்கும் ஒழுங்கையில் இறக்கி நடத்தினால், பார்வோ என்னும் கழிச்சல் நோயும் டிஸ்டெம்பர் நோயும் தொற்றும். இரண்டும் குட்டிகளைக் கொல்பவை. அதற்காகப் பதினாறு வாரம் வீட்டுக்குள் அடைத்து வைத்தாற் பழகும் காலம் கழிந்துவிடும். குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்று தெருவைக் காட்டுவதே இதற்கு வழி. அயலவர் வந்து தொடட்டும். தரையில் மாத்திரம் விடலாகாது.

நிற்கப் பழக்குதல்

கண்காட்சி நாய்க்கு முதலிற் கற்பிக்க வேண்டியது நிற்றல், உட்காருதல் அன்று. அநேகர் குட்டி வந்த மறுநாளே உட்காரப் பழக்கிப் பெருமைப்படுவர். எசமான் நின்றவுடன் உட்காரும் பழக்கம் ஒருமுறை படிந்தால், வளையத்தில் நடுவர் முன்பும் அது உட்கார்ந்துவிடும். பின்னர் அதனை மாற்றுவது பெரும் பாடு.

ஏவற்சொல்லைப் பற்றியும் இங்கு கூறல் வேண்டும். தமிழ் வீடுகளிற் பெரும்பாலும் நாயைப் பார்த்து ‘இரு’ என்பர். உட்கார் என்பதும் ‘இரு’. பொறுத்திரு என்பதும் ‘இரு’. போகாதே என்பதும் ‘இரு’. மனிதன் இடமறிந்து பொருள் கொள்வான். நாய் எங்ஙனம் கொள்ளும்? தாத்தா ‘நில்’ என்றும், பிள்ளைகள் ஆங்கிலத்திலும், வீட்டுக்காரி வெறும் அதட்டலாலும் ஏவும் வீட்டில் நாய் ஒன்றையும் கற்பதில்லை. நாய்க்கு ஆங்கிலமே விளங்கும் என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. எந்தப் பாஷையாயினும் சரியே. ஒரு செயலுக்கு ஒரு சொல், வீட்டார் அனைவருக்கும் அதே சொல் என்பதே விதி. நிற்பதற்கு ‘நில்’ என்பதையும், விடுவிப்பதற்குப் ‘போ’ என்பதையும் கொள்ளலாம்.

முறை வருமாறு. அவித்த ஈரலைச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக வெட்டிக் காய வைத்துக்கொள்க. ஈரல் கிடையாதவிடத்து அவித்த கோழியிறைச்சி உதவும். உப்புக் கருவாடு கூடாது. குட்டி பசியோடிருக்கும் வேளையில், ஒரு துண்டை அதன் மூக்குக்கு நேரே, மூக்கின் உயரத்திலேயே பிடித்து, ஒரு சாண் தூரம் முன்னே இழுக்க, குட்டி ஓரடி வைத்து நிற்கும். நான்கு கால்களும் தரையில் நிலைத்த அக்கணத்திலேயே ‘நல்லது’ என்று சொல்லித் துண்டைக் கொடுத்தல் வேண்டும். துண்டை உயர்த்திப் பிடித்தாற் குட்டி உட்காரும். தாழ்த்திப் பிடித்தாற் படுக்கும். கை உயரமே இங்கு ஆசிரியர்.

வெகுமதி ஒரு விநாடிக்குள் வரல் வேண்டும். பைக்குள் துழாவி எடுத்துக் கொடுப்பதற்குள் குட்டி துள்ளிவிட்டால், துள்ளியதற்கே வெகுமதி கிடைத்ததென்று அது கொள்ளும். அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் 1951 இல் எழுதிய கட்டுரையொன்றில், சிறுவர் கையில் வைத்து அழுத்தி ஒலியெழுப்பும் தகர விளையாட்டுப் பொருளொன்றை இதற்கு உபயோகிக்கலாம் எனக் கூறினார். அந்த ஒலி கேட்டவுடன் உணவு வரும் என்று குட்டி அறிந்துகொண்டால், பின்னர் சரியான கணத்தை அவ்வொலியே குறித்துக் காட்டும். உணவு சற்றுத் தாமதித்தாலும் பாதகமில்லை. ‘நல்லது’ என்ற சொல்லும், எப்போதும் ஒரே குரலிற் சொல்லப்படுமாயின், அவ்வேலையைச் செய்யும்.

முதல் வாரம் இரண்டு விநாடி நின்றாற் போதும். அடுத்து ஐந்து, பின்பு பத்து எனக் கூட்டி, ஆறு மாதம் நிறைவதற்குள் ஒரு நிமிடம் நிற்கச் செய்யலாம். ஒரு தடவைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பழக்கலாகாது. நாளுக்கு மூன்று நான்கு தடவை பழக்கலாம். அரை மணி நேரம் தொடர்ந்து பழக்குவோர் குட்டிக்குச் சலிப்பைத்தான் கற்பிக்கின்றனர்.

நிற்கும் பழக்கம் உறுதிப்பட்ட பின்பே கால்களை ஒழுங்கு செய்தல் வேண்டும். முன்கால்கள் தோளுக்கு நேர்கீழே செங்குத்தாகவும், பின்காலில் குதிமூட்டிலிருந்து பாதம் வரையுள்ள பகுதி தரைக்கு நேராகவும் இருக்க வேண்டும். காலை நகர்த்தும்போது பாதத்தைப் பிடித்து இழுக்காது, முழங்கைக்கு அருகிற் பற்றி மெல்லத் தூக்கி வைக்க வேண்டும். அல்சேஷன் போன்ற இனங்களை ஒரு பின்காலைப் பின்தள்ளி நிறுத்துவர். ஒவ்வோர் இனத்துக்குமுரிய நிலையை அனுபவமுள்ளோரிடம் கேட்டறிக.

தொடப் பழக்குதல்

ஒரு கையாற் துண்டைக் காட்டிக்கொண்டு மறு கையாற் தோளைத் தொடுக. குட்டி அசையாது நின்றாற் துண்டைக் கொடுக்க. மறுநாள் முதுகு, பின்பு விலா, வயிறு, வால், பாதம், காது. ஈற்றில் வாய். உதட்டை இருபுறமும் சற்று விலக்கி முன்பற்களைப் பார்ப்பதே தொடக்கம். தாடையை விரிப்பது பின்னர். நாய்க்குட்டிக்குப் பாற்பற்கள் 28. வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. நான்காம் மாதமளவில் முன்பற்கள் விழத் தொடங்கி ஏழாம் மாதமளவில் எல்லாப் பற்களும் மாறி முடியும். அக்காலத்தில் முரசு வீங்கி நோவுண்டாகும். அப்போது வாயைப் பலவந்தமாகத் திறந்தால், நோவையும் மனிதர் கையையும் குட்டி ஒன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். வாழ்நாள் முழுதும் வாயைத் தொட விடாது. பல் மாறும் மாதங்களில் உதட்டை விலக்கிப் பார்ப்பதோடு நிறுத்துக.

வீட்டார் தொடுவதற்குப் பழகிய குட்டி அந்நியர் தொடுவதற்கும் பழகிவிட்டதென எண்ணலாகாது. ஜிந்துப்பிட்டி போன்ற இடத்தில் இதற்குக் குறைவில்லை: பக்கத்து வீட்டு ஆச்சி, கடைக்காரர், தபாற்காரர் என நாளுக்கு ஒருவரைக் கொண்டு தொடுவிக்கலாம். கமத்தில் இருப்போர் அறுவடைக்கு வரும் ஆட்களைக் கேட்கலாம். சேலை உடுத்தவர், சாரம் கட்டியவர், தொப்பி அணிந்தவர், தாடி வைத்தவர் எனப் பலவகையினரும் தொடுதல் நன்று. தொடுபவர் குட்டியின் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டு வராது, மோவாய்க்குக் கீழாகக் கொண்டு வரச் சொல்ல வேண்டும்.

நடக்கப் பழக்குதல்

மெல்லிய கழுத்துப்பட்டியை முதலில் உணவு வேளையில் மாத்திரம் பூட்டி, உண்டு முடிந்ததும் கழற்றுக. இரண்டு மூன்று நாளில் அதனை மறந்துவிடும். பின்பு இலேசான வாரை மாட்டி, வீட்டுக்குள் குட்டி போகுமிடமெல்லாம் எசமான் பின்தொடர்தல் வேண்டும். இரும்புச் சங்கிலி இதற்கு உதவாது. அதன் பாரமும் ஓசையுமே குட்டியை வெருட்டும்.

குட்டி இடப்பக்கத்தில், வார் தளர்ந்திருக்க, ஓரிரு அடி வந்தாற் துண்டு கொடுக்க. முன்னே இழுத்தால் எசமான் அசையாது நின்றுவிட வேண்டும். இழுத்தால் ஓரடியும் நகர முடியாது, தளர விட்டால் நகரலாம் என்பதை ஒரு கிழமையில் அது கண்டுகொள்ளும். எதிரிழுப்பு இழுத்தால், அதுவும் ஒரு விளையாட்டென எண்ணி மேலும் இழுக்கும். நடுவர் காண விரும்புவது ஓட்டநடை: முன் வலக்காலும் பின் இடக்காலும் ஒன்றாகவும், மற்றைய இரண்டும் ஒன்றாகவும் எழுந்து விழும் நடை. எசமான் மிக மெதுவாகப் போனால் அந்நடை வராது. எந்த வேகத்தில் அது தானாக வருகின்றதெனப் பலமுறை ஓடிப் பார்த்து அறிதல் வேண்டும். வரப்பு ஓரம் நேரான பாதை உடைய கமக்காரருக்கு இது இலகு.

எலும்பு முனைகள் முதிருமுன், அதாவது பெரிய இனங்களில் ஒன்றரை வயது வரை, சைக்கிளின் பின்னே நெடுந்தூரம் ஓட்டுவதும், உயரத்திலிருந்து குதிக்க விடுவதும் மூட்டைக் கெடுக்கும். தார் வீதியிற் புறங்கையை வைத்துப் பொறுக்க முடியாத வேளையில் நாயின் பாதமும் பொறுக்காது.

அடித்தல் ஆகாது

பிரம்பின்றி நாய் பழகாது என்பது பழைய எண்ணம். அடிபட்ட நாய் அடங்கும் என்பது உண்மையே. ஆனால் அடங்கிய நாயை எந்த நடுவரும் ஒரு பார்வையில் அறிவார். கை உயரும்போது கண் சுருங்கும், காது படியும், முதுகு வளையும். வயற்காவலிலும் அது பயன்படாது. எசமானின் கைக்கு அஞ்சும் நாய் திருடனின் தடிக்கும் அஞ்சும். அல்லது அச்சத்தினால் வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். உறுமும் குட்டியை அடித்தால் அது உறுமுவதை மாத்திரம் நிறுத்தும். எச்சரிக்கையின்றிக் கடிக்கும் நாய்கள் பல இவ்வாறே உண்டாகின்றன.

ஆறாம் மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில், நன்கு பழகிய குட்டியும் திடீரென முன் அறிந்த பொருளுக்கே அஞ்சுவதுண்டு. அப்போது இழுத்துச் செல்லாது, சிறிது தூரத்தில் நின்று துண்டு கொடுத்து, தானாகக் கிட்டச் செல்ல விடுதல் வேண்டும். சில கிழமைகளில் நீங்கும்.

ஆகாரமும் தேகமும்

வெறுஞ் சோறும் குழம்பும் வளரும் குட்டிக்குப் போதா. மீன், முட்டை, இறைச்சி என்பவற்றில் ஏதேனும் நாள்தோறும் வேண்டும். சுண்ணாம்புச் சத்து மருந்துகளை வைத்தியர் சொல்லாமற் கொடுத்தாற் பெரிய இனக் குட்டிகளின் எலும்பு கோணும். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் ஆதலின், வெங்காயச் செய்கை உள்ள தோட்டங்களிற் கழிவுக் குவியலை மூடி வைத்தல் வேண்டும். எலிப்பாஷாணம், கிருமிநாசினிப் போத்தல் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பூச்சிமருந்து பையில் நிற்கும் உண்ணிக்கு அதே மருந்தை நாயின்மேற் தெளித்து நாயையே இழந்தவர்கள் உண்டு. உண்ணிக்கு நாய்க்கென விற்கும் மருந்தையே இடுக.

கண்காட்சி நாள்

இரண்டு நாட்களுக்கு முன்னரே குளிப்பாட்டி நகம் வெட்டுதல் வேண்டும். வாகனத்தில் வாந்தி எடுக்கும் குட்டிக்குப் புறப்படுமுன் நான்கு மணி நேரம் உணவு கொடாதிருத்தல் நன்று. வீட்டுத் தண்ணீரையும் நிழலுக்கு ஒரு துணியையும் கொண்டுசெல்க. நாய் வியர்வையால் உடற்சூட்டைத் தணிப்பதில்லை, இரைப்பினாலேயே தணிக்கும். வளையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று, ஓரமாக நின்று ஓசைக்கும் கூட்டத்துக்கும் பழக விடுக. முதற் கண்காட்சியிற் பரிசு வராது; வரும் என்று எண்ணிச் செல்வோர் வீடு திரும்பும்போது அந்த ஏமாற்றத்தை நாயின்மேற் காட்டுவர். பயமின்றி நின்று வந்தாற் போதும்.

ஊசி நாள்

கண்காட்சி வருடத்தில் ஒன்றிரண்டு. நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியோ ஒவ்வொரு வீட்டு நாய்க்கும் உரியது. 1973 ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போடும் வேலை பரவியதனாலேயே அத்தொகை பெரிதும் குறைந்தது. ஆயினும் மரணங்கள் முற்றாக நிற்கவில்லை. நோயின் குறிகள் தோன்றிய பின்பு பிழைப்போர் அரிதினும் அரிது. ஓர் இடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போடப்பட்டாற் நோய் பரவுதல் தடைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அந்த எழுபதை எட்ட முடியாமைக்கு ஒரு காரணம் மருந்தின்மை அன்று. பிடித்துக் கொடுக்க இயலாத நாய்களே.

அரசாங்கத்தினர் இவ்வூசியை இலவசமாகவே போடுகின்றனர். கோவில் வீதியிலோ பாடசாலை வளவிலோ மேசை போட்டிருக்கும் நாளில், ‘நில்’ என்றால் நிற்கவும், அந்நியர் கை தோளிற் படப் பொறுக்கவும் பழகிய நாய்க்கு ஒரு நிமிட வேலை. ஈரற் துண்டை மூக்கின் முன்னே பிடித்திருக்க, ஊசி ஏறியதையே அது கவனியாது. முதல் ஊசிக்கான வயதை வைத்தியர் சொல்வார். ஆண்டுதோறும் மீண்டும் போடுவிக்க வேண்டும்.

எவரையேனும் நாய் கடித்தாற் காயத்தை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்க. சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித் தூள் முதலியவற்றைக் காயத்தில் அப்புதல் ஆகாது. வளர்த்த நாய், குட்டி நாய், சிறு கீறல் என்று அலட்சியம் செய்தவர்களும் இறந்தவர்களுள் உண்டு.

1901 ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி நாயை உள்ளூராட்சி மன்றத்திற் பதிதல் வேண்டும். ஜிந்துப்பிட்டியார் கொழும்பு மாநகர சபையிற் பதிவர். ஊசி போட்டபோது தரும் அட்டையை மழையில் நனையாத பையிலிட்டு வைத்திருக்க. கண்காட்சி நுழைவாயிலிலும் அந்த அட்டையைக் கேட்பர்.